நாடுகாணியில் சாப்பிட என்ன இருக்கு?

நிலம்பூர், வழிக்கடவு வழியாகச் சுரம் ஏறி ஊட்டிக்கு வருகிற எல்லா வண்டியும் நாடுகாணியில் ஒருமுறை நின்றே ஆகவேண்டும். ஊர்மேல் உள்ள ஆசையால் இல்லை, செக்போஸ்ட் இருப்பதால்! இ-பாஸ் கேட்பார்கள் (சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ஆம் தேதி தொடங்கியது). டிக்கியைத் திறந்து பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பெரியவர்களுக்கு ஒரு டீ, ஒரு பழம்பொரி. குழந்தைகளுக்கு மலையடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருக்கவே இருக்கிறது. "சாப்பாட்டை ஊட்டியில போய்ப் பாத்துக்கலாம், இங்க என்ன இருக்கு?" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். வண்டி கிளம்பிவிடும்.

அந்த "இங்க என்ன இருக்கு" என்பது பதில் தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி இல்லை. பதில் தெரியும் என்ற நினைப்பில் கேட்பது. உண்மையில் நீலகிரி மாவட்டத்தில் நிஜமான சாப்பாடு வேண்டும் என்றால் ஊட்டியைவிட நாடுகாணி, தேவாலா, பந்தலூர்ப் பக்கம்தான் அது அதிகம் கிடைக்கும். என்ன, அதைக் கேட்டு வாங்கத் தெரிந்திருக்கவேண்டும். சிலது கேட்டாலும் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதுதான் சங்கதியே.

முதலில் ஊட்டியை முடித்துவிடலாம். ஊட்டியில் போர்டு வைத்து விற்கும் 'லோக்கல் ஸ்பெஷல்' இரண்டு: ஹோம்மேட் சாக்லேட், வர்க்கி. சாக்லேட்டுக்கு வேண்டிய கோகோ ஊட்டிக் குளிரில் வளரவே வளராது. வர்க்கி நல்ல சரக்கு, குறை சொல்வதற்கில்லை, புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் அதுவும் வெள்ளைக்காரன் காலத்து பேக்கரி அடுப்பில் பிறந்த பிள்ளைதான். கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையேறியவை. தேயிலையும் அப்படித்தான். அந்த மலையின் சொந்தச் சாப்பாடு என்றால் படுகர் வீட்டு ராகிக் களியும் அவரைக் குழம்பும்தான், அது கமர்ஷியல் சாலையில் எத்தனை கடையில் கிடைக்கிறது? விட்டுவிடலாம்.

நாடுகாணிக் கதை வேறு. நாடு காணும் இடம் என்று ஊர்ப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள், வானம் தெளிந்திருந்தால் கீழே நிலம்பூர்ப் பக்கத்துச் சமவெளி தெரியும். இந்தக் கூடலூர்ப் பக்கம் ஆதியில் நீலகிரியே இல்லை. மலபார் மாவட்டத்து வயநாட்டின் தென்கிழக்குத் துண்டு இது. 1877-இல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். நிலமெல்லாம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலம். 1880 வாக்கில் பக்கத்துத் தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கம் இருக்கிறது என்று சொல்லி லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். (காமர்ஸ் மக்கள் ஊக வணிகத்துக்கு உதாரணம் தேடினால் பரீட்சையில் இதைத் தாராளமாக எழுதலாம்!) வெட்டிய செலவுக்குத் தங்கம் காணவில்லை. கம்பெனிகள் கவிழ்ந்தன, குழிகள் மிஞ்சின. நிலைத்தது காப்பியும் தேயிலையும்தான்.

அதற்குப் பிறகு ஆள் ஆளாக வந்தார்கள். சுரத்துக்குக் கீழே ஏறநாட்டிலிருந்து மாப்பிளாமார். திருவிதாங்கூரிலிருந்து நிலம் தேடிக் கிறிஸ்தவ விவசாயிகள். தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து தோட்ட வேலைக்குக் கூலிகள். கடைசியாக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்பே பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், வயல் வைத்திருந்த வயநாடன் செட்டிகள். ஒரு சின்ன ஜங்ஷனைச் சுற்றி இத்தனை அடுப்பு எரிகிற ஊர் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது?

இதில் விருந்தாளிக்குச் சுலபமாகக் கிடைப்பது மலையாள அடுப்பு. காலையில் புட்டும் கடலைக் கறியும். வேகவைத்த கப்பை (நம்ம ஊர் மரவள்ளிக்கிழங்குதான், ஆனால் இங்கே கப்பை என்று கேட்டால்தான் மரியாதை), அதற்கு மீன்கறியோ, காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கி எண்ணெய் விட்ட சம்மந்தியோ. மத்தியானம் மத்தியும் அயிலையும். மலைமேல் மீனா என்று முகம் சுளிக்கவேண்டாம், கடற்கரையிலிருந்து சுரம் ஏறி வருகிற மீன் இது. சாயங்காலம் பொரோட்டா, பீஃப். பால் வேண்டாம் என்றால் எலுமிச்சை பிழிந்த சுலைமானி. கடைக்காரரை 'இக்கா' என்றோ 'சேட்டா' என்றோ 'அண்ணா' என்றோ கூப்பிடலாம், மூன்றுக்கும் ஆள் திரும்புவார். "அண்ணா, கறி கொறச்சு மதி" என்கிற மாதிரி தமிழும் மலையாளமும் கலந்த பேச்சை இந்த ஊரில் யாரும் தப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இதுவரை சொன்னது எந்தப் பயணக் கட்டுரையிலும் வரும். வராத அடுப்பு ஒன்று இருக்கிறது.

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று முடிவானது. அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை, ஏதோ சரக்குப் பிரிப்பதுபோல ஆட்களைப் பிரித்தார்கள். வந்தவர்களுக்குத் தெரிந்த தொழில் கொழுந்து பறிப்பது. அவர்களுக்காகத்தான் 1968-இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. 1976-இல் அது டான்டீ என்கிற அரசுக் கழகம் ஆனது. கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் அதன் தோட்டங்கள் நிறைய. எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களில் பஞ்சம் வாட்டிய நேரத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் இவர்களில் உண்டு.

அவர்கள் கப்பலில் கொண்டுவந்த சாமான்களில் கண்ணுக்குத் தெரியாதது ஒன்று: ரொட்டியும் சம்பலும். கோதுமை மாவிலோ மைதாவிலோ தேங்காய்த் துருவலும் உப்பும் போட்டு, சூடான தண்ணீர் விட்டுப் பிசைந்து, கையாலேயே தட்டிக் கனமாகக் கல்லில் சுடுவது. எண்ணெய்கூடத் தேவையில்லை. அதற்குச் சம்பல். தேங்காய்ப்பூ, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, அம்மியில் வைத்து இழுத்து எடுத்து எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. மாசிக் கருவாடு இருந்தால் அதுவும் ஒரு துண்டு. பக்கத்தில் பால் இல்லாத தேத்தண்ணி. காலையில் மலைக்குப் போகும்போது துணியில் சுற்றி எடுத்துப்போனால் மத்தியானம் வரைக்கும் பசி தாங்கும். மழையில் நனைந்த கையோடு சாப்பிடவும் தோதான சாப்பாடு. கரண்டி, தட்டு எதுவும் வேண்டாம்.

கூடலூர் வட்டாரத்து லைன் வீடுகளில் இது இன்னும் சுடப்படுகிறது. கடையில்? 'சிலோன் பொரோட்டா', 'கொத்து' என்று தமிழ்நாடு முழுக்க போர்டு பார்க்கலாம். இந்த ரொட்டிக்கு மட்டும் போர்டு கிடையாது. இத்தனைக்கும் பொரோட்டாவும் மைதா, ரொட்டியும் மைதா. ஒன்று கடைச் சாப்பாடு, மற்றது 'கூலிக்காரன் சாப்பாடு'. பொரோட்டாவுக்குக் கிடைக்கிற மரியாதை ரொட்டிக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். "அதையெல்லாம் யாரு காசு குடுத்து வாங்குவா?" என்று சுடுகிறவர்களே சிரித்துவிடுகிற நிலைமை. ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைக்கு டிபன் பாக்ஸில் அதை வைக்கத் தயங்கும் வீடுகள் எந்தத் தோட்டத்திலும் இருக்கும். தயிர்சாதத்துக்கு இல்லாத கூச்சம் சம்பலுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதைவிடச் சுலபமான கடை கிடையாது. ஒரு அடுப்பு, ஒரு கல், ஒரு அம்மி. நிலையான செலவு என்று எழுத ஒரு வரிதான் வரும். மாறும் செலவில் மாவு, தேங்காய், விறகு அல்லது கேஸ். பிரேக்-ஈவன் கணக்குக்குக் கால்குலேட்டரே வேண்டாம். செக்போஸ்ட்டில் எப்படியும் வண்டிகள் நிற்கின்றன, வாடிக்கையாளரைத் தேடி விளம்பரம் செய்யவேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்திலேயே வனத்துறையின் ஜீன் பூல் கார்டன் இருக்கிறது. சனி, ஞாயிறில் அங்கே ஒரு மேஜை போட ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்கு இடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஊட்டி சாக்லேட்டுக்குக் கொடுக்கும் ரூபாயில் பெரும்பகுதி மலையிறங்கிப் போய்விடும். ரொட்டிக்குக் கொடுக்கும் ரூபாய் தேங்காய் கொண்டுவந்தவர், மளிகைக்கடை, ஸ்கூல் யூனிபார்ம் என்று இந்த ஊரிலேயே நாலு கை மாறும். கெயின்ஸின் பெருக்கி என்று பாடத்தில் மனப்பாடம் செய்வது இதைத்தானே!

"அப்படியானால் ஏன் யாரும் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அவர்களுக்கே ஆர்வம் இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. ஆர்வத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வீட்டைப் பற்றிப் பேசவேண்டும். டான்டீ லைன் வீடு கழகத்தின் வீடு. வேலையில் இருக்கும்வரைதான் அதில் இருக்கலாம். சம்பலின் பக்குவம் தெரிந்த பாட்டி ஓய்வுபெற்றால் வீட்டைக் காலி செய்யவேண்டும். போதாக்குறைக்கு 2022-இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பதாக அரசு ஆணை வந்தது, தொழிலாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள். கூடலூரில் ஜென்ம நிலங்களை ஒழிக்க 1969-இல் சட்டம் வந்தும் பட்டா இல்லாமல் வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். நாளைக்கு எந்த ஊரில் இருப்போம் என்றே தெரியாதவர்களிடம் போய், கடை போட வங்கிக் கடன் வாங்குங்கள் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு அடுப்பு இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லும்போது நேர் எதிராகச் சொல்லவேண்டியிருக்கிறது.

உள்ளூர் என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் முதல் உரிமை பணியருக்கும் காட்டுநாயக்கருக்கும் குறும்பருக்கும்தான். வயல் நண்டு, காட்டுக் கிழங்குகள், மழைக்கு முளைக்கும் மூங்கில் குருத்து, பெயரே தெரியாத எத்தனையோ கீரைகள், தேன்... இதுதான் இந்த மண்ணின் பழைய மெனு. வயல்கள் குறைந்துவிட்டதால் நண்டும் குறைந்துவிட்டது. காட்டுக்குள் போக ஆயிரம் கட்டுப்பாடு. சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காகிதத்தில் கொடுத்திருக்கிறது. காகிதத்துக்கும் காட்டுக்கும் நடுவில்தான் தூரம். ரேஷன் அரிசிதான் இப்போது பெரும்பாலும் பானையில் வேகிறது.

இந்தச் சாப்பாட்டைத் தேடிக்கொண்டு விருந்தாளி யாரும் குடிசை குடிசையாகப் போகவேண்டாம். கேமராவோடு போகவே வேண்டாம். மூங்கில் குழாயில் கோழியை வேகவைத்துப் 'பழங்குடி உணவு' என்று விலை போடுகிற ரிசார்ட் வேலை வயநாட்டுப் பக்கம் ஏற்கனவே நடக்கிறது, அந்த விலையில் பழங்குடிக்கு எத்தனை பைசா போகிறது என்று பில்லில் எழுதியிருக்காது. ரொட்டியைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு இதை மட்டும் விடச் சொல்வது முரண் மாதிரி தெரியலாம். முரண் இல்லை. ரொட்டிக்கு மாவும் தேங்காயும் கடையில் கிடைக்கும், விற்றால் தீராது. காட்டுக் கிழங்கு, விற்க ஆரம்பித்தால் தோண்டித் தீர்ந்துவிடும். அதுவும் அவர்கள் வீட்டில் பிள்ளைகள் சாப்பிடவேண்டியது. அவர்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றினால் அவர்கள் விற்க விரும்புவதை வாங்கலாம்: தேன், மிளகு, தேயிலை. கூடலூரில் உருவான ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் பிறகு மதுவனா என்ற தேயிலைத் தோட்டத்தையே சொந்தமாக வாங்கி நடத்திக் காட்டியது. கூலிக்குக் கொழுந்து பறித்தவர்கள் தோட்டத்துக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள். சுற்றுலாக் கையேடுகளில் இது ஏன் வருவதில்லையோ தெரியவில்லை.

தேயிலை என்றதும் அந்த செக்போஸ்ட் டீ நினைவுக்கு வருகிறது. ஒரு கிளாஸ் டீக்கு இரண்டு, இரண்டரை கிராம் தூள் போகும். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை வேண்டும். ஆக ஒரு டீக்குப் பத்து கிராம் இலை. கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்த இலையின் விலை 20 பைசா! டீ 12 ரூபாய் என்றால் இலை விளைவித்தவருக்குப் போவது அறுபதில் ஒரு பங்கு. கிலோவுக்கு 30 ரூபாய்க்கு மேல் விலை கேட்டு 2023-இல் நீலகிரியில் சிறு விவசாயிகள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்ட விலையையே கொடுத்தாலும் ஒரு டீக்குப் பத்துப் பதினைந்து பைசாதான் ஏறும். அதைக் கொடுக்க மனமில்லாத வியாபாரம், அதே விவசாயியின் படத்தைப் பாக்கெட்டில் அச்சடிக்க மட்டும் தயங்குவதில்லை. ஊட்டியில் மசாலா டீத்தூள், சாக்லேட் டீத்தூள் என்று கலர் டப்பாவில் வாங்குவதற்குப் பதில் இன்ட்கோ கூட்டுறவுத் தேயிலையோ டான்டீ தூளோ ஒரு பாக்கெட் வாங்கிப் போனால், வீட்டில் குடிக்கிற டீயாவது கொஞ்சம் நேர்மையாக இருக்கும்.

இனி, உண்மையிலேயே நின்று சாப்பிட வருகிறவர்களுக்குச் சில விஷயம். இருட்டியபிறகு வந்து கடை தேடவேண்டாம். இந்தப் பக்கம் கடைகள் சீக்கிரம் அடைப்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, யானை. தேவாலா சுற்றுவட்டாரத்தில் 2022-இல் ஒரு மக்னா யானை அரிசிக்காக வீடு வீடாகச் சுவரை இடித்தது, ஒரு பெண்ணின் உயிரும் போனது. டிசம்பரில் பிடித்து முதுமலைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சமையலறையில் அரிசி மூட்டை வைத்துக்கொள்ளவே பயந்த ஊர் இது. "எட்டு மணிக்கே கடை சாத்திட்டாங்க, சர்வீஸ் மோசம்" என்று நெட்டில் ஸ்டார் குறைத்துப் போடுகிறவர்கள் கொஞ்சம் இதை யோசிக்கலாம்.

மழைக்காலத்தில் வரவேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். சுரத்தைப் பொறுத்தவரை அது சரிதான், 2019 ஆகஸ்டில் மண் சரிந்து வழியே அடைபட்டது. மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் கிளம்பவே கூடாது. ஆனால் சாப்பாட்டைப் பொறுத்தவரை மழைதான் இங்கே சீசன். பலாப்பழம் பழுத்துக் கிடக்கும் ஜூன், பலாக்கொட்டை போட்ட கறி, சக்கைப் புழுக்கு, ஆடி மாதத்தில் மலையாள வீடுகளில் மருந்துக் கஞ்சி. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வரவேண்டும். ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் கேரளாவில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. மீன் வரத்து குறையும், வந்தாலும் விலை ஏறும். அந்த நாட்களில் போய் உட்கார்ந்து மீன்கறி இல்லையா என்று முகம் சுளிக்காமல், "உணக்க மீன் உண்டா சேச்சி?" என்று கேட்டால் போதும். கருவாடு வறுக்கும் வாசனை செக்போஸ்ட் வரைக்கும் வரும்.